கம்பெனி வேனில் சொந்தப் பயணம்: வரி எங்கே வருகிறது?

மாசி மகத்தன்று விருத்தாசலத்துக்குள் வரும் வண்டிகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். முந்திரிக்கொட்டை ஏற்றும் பிக்கப், செராமிக் தொழிற்பேட்டையிலிருந்து அகல் விளக்கும் பொம்மையும் ஏற்றிப் போகும் குட்டி யானை, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பெயர் எழுதிய வேன் எல்லாம் அன்றைக்குக் குடும்பத்தோடு வந்து நிற்கும். டீசல் கம்பெனிக் கணக்கு, டிரைவர் சம்பளமும் கம்பெனிக் கணக்கு. இதற்கு வரி உண்டா என்று கேட்டால், "நம்ம வண்டிதானே, இதுக்குப் போய் என்ன வரி?" என்பார்கள்.

அந்த "நம்ம வண்டி" என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. வண்டி யார் பெயரில் இருக்கிறது, அதன் செலவை யார் கணக்கில் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து வரி மாறும். சிலருக்கு ஒரு ரூபாய்கூட வராது. சிலருக்கு, ஒரு நோட்டு எழுதாத குறைக்காக மட்டும், பல ஆயிரம் போகும். இங்கே சொல்லும் தொகைகள் எல்லாம் 2025-26 கணக்கு ஆண்டுக்கு உரியவை.

முதலில் கவலைப்பட வேண்டாதவர்கள். விவசாயம் மட்டுமே செய்கிறீர்கள், வேனோ டிராக்டரோ உங்கள் பெயரில் இருக்கிறது என்றால் சொந்தப் பயணத்துக்குத் தனியாக வருமான வரி கிடையாது. விவசாய வருமானத்துக்கே வருமான வரி இல்லை. எனவே எந்தச் செலவு வயலுக்கு, எந்தச் செலவு வீட்டுக்கு என்று பிரிக்கும் வேலையும் இல்லை.

சரக்கு வண்டியை வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் பெரிய தொல்லை இல்லை. பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர்கள் 44ஏஇ பிரிவில் கணக்குக் காட்டலாம். மொத்த எடை 12,000 கிலோவுக்கு மேற்படாத வண்டி ஒவ்வொன்றுக்கும் மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொள்வார்கள். ஆண்டுக்கு 90,000 ரூபாய். உண்மையில் அதற்கு மேல் வருமானம் வந்ததாக நீங்களே சொன்னால் அந்தத் தொகை. டீசல், டயர், தேய்மானம் எதையும் தனியாகக் கழிக்க முடியாது. கழிக்காததால், நடுவில் மகள் வீட்டுக்குச் சீர்வரிசை ஏற்றிப் போனாலும் கணக்கு மாறாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வண்டி ஓடாமல் செட்டில் நின்ற மாதத்துக்கும் இந்த 7,500 உண்டு. வண்டி உங்களிடம் இருந்த மாதம்தான் கணக்கு, ஓடிய மாதம் அல்ல.

சொந்தப் பெயரில் தொழில் இருந்தால்

இனிதான் சிக்கல். நிலமும் வைத்துக்கொண்டு, கூடவே முந்திரி உடைக்கும் ஆலையோ, உரக்கடையோ, சிறு செராமிக் பட்டறையோ உங்கள் பெயரில் நடத்துகிறீர்கள். வேன் செலவு முழுவதையும் கடைக் கணக்கில் எழுதுகிறீர்கள். வருமான வரிச் சட்டத்தின் 37ஆம் பிரிவு சொந்தச் செலவைத் தொழில் செலவாக ஏற்பதில்லை. தொழிலுக்கும் மற்றதுக்கும் சேர்த்து ஓடும் வண்டியானால் தொழிலுக்கு உரிய பங்குக்குத்தான் தேய்மானமும் கழிவும் என்கிறது 38ஆம் பிரிவு.

ஒரு கணக்குப் போடுவோம். வேன் விலை 6 லட்சம். முதல் ஆண்டுத் தேய்மானம் 15 சதவீதம், அதாவது 90,000. டீசல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 1,50,000. ஆக மொத்தம் 2,40,000 ரூபாய். ஆண்டில் 20,000 கிலோமீட்டர் ஓடியதில் 4,000 கிலோமீட்டர் சொந்த ஓட்டம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. 48,000 ரூபாயைச் செலவிலிருந்து நீக்க வேண்டும். 20 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு செஸ் சேர்த்து 9,984 ரூபாய் வரி கூடும். நோட்டு எதுவும் இல்லாமல், அதிகாரி தம் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு சொந்த ஓட்டம் என்று எடுத்துக்கொண்டால் நீக்கும் தொகை 80,000, வரி 16,640. வண்டி ஓடிய தூரம் ஒன்றுதான். வித்தியாசம் ஆறாயிரத்துச் சொச்சம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கடை வேனில் உங்கள் நிலத்துக்கு உர மூட்டை ஏற்றிப் போனீர்கள், அறுத்த மணிலாவை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டு வந்தீர்கள். ஊர் சுற்றவில்லை, வேலைதான். ஆனாலும் அது கடையின் வேலை இல்லை. வரி இல்லாத வருமானத்தை ஈட்டச் செய்த செலவை வரி உள்ள வருமானத்தில் கழிக்கக் கூடாது என்கிறது 14ஏ பிரிவு. ஆகவே நிலத்துக்கு ஓடிய தூரத்தையும் கடைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். நியாயமான விதிதான். ஆனால் ஒரே சாலையில் கடைக்கும் வயலுக்கும் போய் வருகிறவருக்கு இதைப் பிரித்துச் சொல்வது தலைவலிதான், மறுக்கவில்லை.

புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி கிடைத்து வரி இல்லாமல் போகிறது. அந்த எல்லைக்குள் இருப்பவர் இந்தக் கணக்கைப் படித்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. 12 லட்சத்தை ஒட்டி நிற்பவர்தான் கவனிக்க வேண்டும். நீக்கிய செலவு வருமானத்தில் ஏறி, அந்தக் கோட்டைத் தாண்டவைத்துவிடும்.

கம்பெனிக்குக் குடும்பம் கிடையாது

வண்டி ஒரு கம்பெனியின் பெயரில் இருந்தால் கணக்கே வேறு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் கம்பெனிதான். அது உறுப்பினர்களிடம் வாங்கி விற்பது விவசாய வருமானம் ஆகாது, வியாபார வருமானம்.

கம்பெனி சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அதற்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது, குலதெய்வம் கிடையாது. அப்படி இருக்க, கம்பெனிக்குச் சொந்தப் பயணம் என்று ஒன்று எப்படி இருக்கும்? சயாஜி அயர்ன் அண்ட் இன்ஜினியரிங் கம்பெனி வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: இயக்குநர்கள் வண்டியைச் சொந்தத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்பதற்காகக் கம்பெனியின் வண்டிச் செலவை வெட்ட முடியாது. அப்பாடா என்று நினைக்காதீர்கள். கம்பெனியிடம் பிடிக்காத வரி, பயணம் செய்த ஆளிடம் வரும்.

சம்பளம் வாங்கும் இயக்குநருக்கும் ஊழியருக்கும் அது "சம்பளம் சார்ந்த சலுகை". இயக்குநர் என்றால் சம்பள வரம்பு கிடையாது. சாதாரண ஊழியருக்கு முன்பு ஆண்டுச் சம்பளம் 50,000 ரூபாயைத் தாண்டினாலே இந்தக் கணக்கில் வந்துவிடுவார். 2025-26 முதல் அந்த வரம்பு 4 லட்சம் ஆகிவிட்டது. எனவே செராமிக் கம்பெனியில் மாதம் 20,000 வாங்கும் உங்கள் பையன் ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அவனுக்கு வரி இல்லை. அதே கம்பெனியின் இயக்குநர் கொண்டுபோனால் உண்டு.

வீட்டிலிருந்து வேலைக்குப் போய்த் திரும்புவது சலுகை ஆகாது. சட்டமே அப்படிச் சொல்கிறது. அது போக மீதி ஓட்டம்தான் கேள்வி.

கார் வகை வண்டிக்கு, அதாவது பொலீரோ மாதிரி ஆள் ஏறும் வண்டிக்கு, விதியில் மூன்று நிலை உண்டு. முழுக்க அலுவல் ஓட்டம் என்றால் சலுகை மதிப்பு பூஜ்யம். பாதி அலுவல், பாதி சொந்தம், செலவு கம்பெனியுடையது என்றால் 1.6 லிட்டர் வரையுள்ள இன்ஜினுக்கு மாதம் 1,800, அதற்கு மேல் 2,400. டிரைவரும் கம்பெனி ஆள் என்றால் இன்னொரு 900. முழுக்கச் சொந்தம் என்றால் ஓட்டிய செலவு, டிரைவர் சம்பளம், வண்டி விலையில் ஆண்டுக்கு 10 சதவீதம் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்வார்கள்.

10 லட்சம் விலையுள்ள வண்டி, மாதம் 15,000 சம்பளத்தில் டிரைவர், ஆண்டுக்கு 60,000 டீசல் என்று வைத்துப் பாருங்கள். முதல் நிலையில் ஒன்றும் இல்லை. இரண்டாம் நிலையில் மாதம் 2,700, ஆண்டுக்கு 32,400 ரூபாய் அந்த இயக்குநரின் வருமானத்தில் ஏறும். மூன்றாம் நிலையில் 1,00,000, 60,000, 1,80,000 மூன்றும் சேர்ந்து 3,40,000 ஏறும். 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு இரண்டாவதில் வரி 10,109 ரூபாய், மூன்றாவதில் 1,06,080.

வண்டி எந்த நிலையில் விழுகிறது என்பதை எது தீர்மானிக்கிறது? முழுக்க அலுவல் ஓட்டம் என்று சொல்ல, பயண நாள், போன இடம், ஓடிய தூரம், ஆன செலவு ஆகியவற்றைக் கம்பெனி எழுதி வைத்திருக்க வேண்டும். அலுவலுக்கே ஆன செலவு என்று சான்றும் தர வேண்டும். இது விதியிலேயே இருக்கிறது. கடையில் வாங்கும் ஒரு நீள நோட்டு போதும்.

சரக்கு வேன் இந்தக் கார் அட்டவணையில் இல்லை. கம்பெனியின் மற்ற அசையும் பொருட்களை ஊழியர் சொந்தத்துக்குப் பயன்படுத்தினால், வாங்கிய விலையில் ஆண்டுக்கு 10 சதவீதம் சலுகை. அதில் ஊழியர் கம்பெனிக்குக் கட்டிய தொகையைக் கழித்துக்கொள்ளலாம். அந்த விதியில் கணக்கிட்டால் 6 லட்சம் விலையுள்ள குட்டி யானைக்கு 60,000 வருகிறது. ஏசி போட்ட கார் 32,400, தார்ப்பாய் போட்ட வேன் 60,000! விதி எழுதியவர்கள் வேனில் கோயிலுக்குப் போகிறவர்களை நினைத்துப் பார்க்கவில்லை போலும்.

பிரிட்டனில் வேனுக்கென்றே தனித் தொகை வைத்திருக்கிறார்கள். 2025-26இல் கம்பெனி வேனைச் சொந்தத்துக்கும் ஓட்டுகிறவரின் வருமானத்தில் 4,020 பவுண்டு கூட்டுவார்கள். 20 சதவீத வரி கட்டுகிறவருக்கு 804 பவுண்டு. எரிபொருளும் கம்பெனியுடையது என்றால் அதற்குத் தனியாக 769 பவுண்டு கூட்டுவார்கள். அங்கேயும் வீட்டுக்கும் வேலைக்கும் போய்வர மட்டும் ஓட்டினால் வரி இல்லை. அங்கே வேன் ஓட்டும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தெரிந்த சங்கதி.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் இயக்குநர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளம் வாங்குவதில்லை. அதனால் தப்பித்தோம் என்று இல்லை. கம்பெனியிடமிருந்து இயக்குநரோ அவருடைய உறவினரோ பெறும் பலனின் மதிப்பு வருமானமே என்று 2ஆம் பிரிவின் 24ஆம் உட்பிரிவு சொல்கிறது. இயக்குநரின் மைத்துனர் வேனை எடுத்துக்கொண்டு கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டப் போனாலும் கணக்குக் கணக்குதான். வரியை விடுங்கள்; அந்த வேன் பங்குப் பணம் கட்டிய எல்லா உறுப்பினருக்கும் பொது. ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இலவசமாகப் போனால் அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவில் கேள்வி வரும், வரவும் வேண்டும்.

சம்பளம் வாங்குகிறவருக்குச் சலுகை மதிப்பைச் சேர்த்து வரிப் பிடித்தம் செய்வது கம்பெனியின் பொறுப்பு. பிடிக்காமல் விட்டால் மாதத்துக்கு 1 சதவீத வட்டி கம்பெனியின் தலையில் விழும்.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வார்த்தை. சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியை, நீங்கள் வரி உள்ள பொருள் விற்பவரானால், உள்ளீட்டு வரவாக எடுக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. தொழிலுக்கு அல்லாத பயன்பாட்டுக்கு உரிய பங்குக்கு வரவு கிடையாது. 13 பேர் வரை உட்காரும் ஆள் வண்டிக்குப் பொதுவாக வரவே இல்லை. டீசல் ஜி.எஸ்.டி.க்குள்ளேயே வரவில்லை.

வரியைவிடப் பெரிய செலவு

சரக்கு வேனில் ஆட்களை ஏற்றிப் போவது பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆஷா ராணி வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிப் போகிறவர்களுக்குக் கட்டாய இன்சூரன்ஸ் பொருந்தாது. சரக்கின் உரிமையாளரோ அவர் அனுப்பிய ஆளோ சரக்கோடு போனால் உண்டு. கல்யாணத்துக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்த இருபது பேருக்கு இல்லை. விபத்து நடந்தால் இழப்பீடு வண்டிச் சொந்தக்காரரிடம், அதாவது உங்களிடமோ உங்கள் உற்பத்தியாளர் நிறுவனத்திடமோ வந்து நிற்கும். மேலே சொன்ன எந்த வரியும் இதன் பக்கத்தில் நிற்காது.

நோட்டில் என்ன எழுதுவது

தேதி, புறப்பட்ட இடம், போன இடம், எதற்கு, யார் எடுத்துப் போனார், புறப்படும்போது மீட்டர், திரும்பும்போது மீட்டர், போட்ட டீசல். அவ்வளவுதான். டிரைவர் அன்றன்றைக்கே எழுத வேண்டும். மார்ச் மாதக் கடைசியில் ஒரே பேனாவில் ஓராண்டையும் எழுதினால் பார்த்ததுமே தெரிந்துவிடும். சர்வீஸ் பில்லில் அன்றைய மீட்டர் அளவு அச்சாகியிருக்கும். ஃபாஸ்டேக் அறிக்கையில் எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தீர்கள் என்பது இருக்கும். நோட்டில் "பண்ருட்டி, முந்திரி லோடு" என்று எழுதிய நாளில் ஃபாஸ்டேக் திருச்சி சாலையைக் காட்டினால், நோட்டு இல்லாததைவிட மோசம்.

சொந்த ஓட்டத்தை மறைக்க வேண்டாம், தனிப் பத்தியில் எழுதுங்கள். உற்பத்தியாளர் நிறுவனமாக இருந்தால், உறுப்பினர் சரக்கு ஏற்ற வேனை எடுத்தால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று இயக்குநர் குழுவில் தீர்மானம் போட்டு, ரசீது கொடுத்து வசூலியுங்கள். இயக்குநருக்கும் அதே கட்டணம். நியாயமான கட்டணம் கட்டியவருக்கு இலவசப் பலன் என்ற பேச்சே எழாது. வெள்ளை போர்டு காரை மட்டும் இப்படி வாடகைக்கு விடாதீர்கள், அது மோட்டார் வாகனச் சட்டப்படி தவறு.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், பிரிவு எண்கள் மாறும். 2026-27 கணக்குக்குச் சலுகைத் தொகைகளைப் புதிய விதிகளில் பார்த்துக்கொள்ள ஆடிட்டரிடம் சொல்லுங்கள். மார்ச் 31 மாலை வண்டியை நிறுத்தியதும் மீட்டரைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டுங்கள். மறுநாள் காலை அதே எண்ணில் புது நோட்டு தொடங்கட்டும்.