உங்களுக்குத் தெரியுமா? கிளப்புகள் தேடும் கால்கள்!

2017-ல் நடந்த முதல் இந்திய மகளிர் லீக் கால்பந்தின் இறுதிச் சுற்றில் மொத்தமே 6 அணிகள்! அதில் ஒன்று நம்ம தமிழ்நாட்டு இன்ஜினியரிங் காலேஜ்! ஆமாம், ஜேப்பியார் இன்ஸ்டிட்யூட்! இன்னொன்று ஹரியானாவில் ஒரு கிராமம். பெயர் அலக்புரா!

பஞ்சாபின் ஹோஷியார்பூர் பக்கத்துப் பெண் மனீஷா கல்யாண். 2019-ல் இந்த லீக்கின் வளரும் வீராங்கனை விருதை அவர் வாங்கியபோது போட்டிருந்தது எந்த அணியின் ஜெர்சி தெரியுமா? மதுரை சேது எஃப்சி!

அதே 2019-ல் லூதியானாவில் லீக்கின் இறுதிப் போட்டி. மணிப்பூர் போலீஸை 3-1 என்று சாய்த்து சேது சாம்பியன்! கிளப் தொடங்கி மூன்றே வருஷம்!

மனீஷா அங்கேயே நின்றாரா? 2022-ல் சைப்ரஸ் நாட்டு அப்போலோன் கிளப் அவரை அள்ளிக்கொண்டது. ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் அவர்தான்!

வங்கதேச கேப்டன் சபீனா காதுன் 2018-ல் இந்தியாவுக்கு ஆட வந்தார். டெல்லிக்கா, கொல்கத்தாவுக்கா? இல்லை, அவரையும் ஒப்பந்தம் செய்தது சேதுதான்!

ஆள் தேடும் பயிற்சியாளர்கள் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருக்கும் இடம் தேசிய சாம்பியன்ஷிப். அதில் தமிழ்நாட்டுப் பெண்கள் கோப்பை வென்றது ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை! 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை, அதுவும் 2-1!

கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை. சேதுவுக்கும் ஆடியவர். அவருடைய இன்னொரு யூனிஃபார்ம் காக்கி! தமிழ்நாடு போலீஸில் எஸ்.ஐ.!

2022 ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியின் முன்கள வரிசையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். சந்தியா ரங்கநாதன், மாரியம்மாள் பாலமுருகன். இருவருமே சேதுவில் ஆடியவர்கள்!

சம்பளம்? லீக்கில் ஆடும் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டு ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும் என்று 2023-ல் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் முடிவெடுத்தது. குறைந்தபட்சத் தொகை ஆண்டுக்கு 3,20,000 ரூபாய்! மாதக் கணக்கில் 26,000-க்கு மேல்! இது இன்னும் ஏற வேண்டும், ஏறியே ஆக வேண்டும்!

மகளிர் லீக்கின் இரண்டாம் டிவிஷன் பிறந்ததே 2024-ல்தான்! முதல் வருஷமே அங்கிருந்து மேலே ஏறியவை ஸ்ரீபூமி, நீதா என்ற இரண்டு அணிகள்!

ஒப்பந்தம் முடிய 6 மாதம் இருக்கும்போதே வேறு கிளப்புடன் கையெழுத்துப் போடலாம். ஃபிஃபா விதி அப்படி!

இன்னொரு விதி இதைவிட அருமை. வீராங்கனை பிரசவ விடுப்பில் போனால், பதிவுக் காலம் முடிந்திருந்தாலும் கிளப் மாற்று ஆளைச் சேர்க்கலாம். விடுப்பு 14 வாரம். சம்பளம் மூன்றில் இரண்டு பங்காவது கண்டிப்பாகக் கைக்கு வரும்!

மணிப்பூரின் பாலா தேவி 2019 நவம்பரில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்பில் ஒரே ஒரு வாரம் ட்ரையல்ஸ் ஆடினார். 2020 ஜனவரியில் கையில் 18 மாத ஒப்பந்தம்! ஜெர்சி நம்பர் 10!

அமெரிக்க மகளிர் லீக் 2024-ல், கிளப்புகளே வீராங்கனைகளைப் பங்கிட்டு எடுக்கும் டிராஃப்ட் முறையையே தூக்கி எறிந்தது. கல்லூரி முடித்த பெண் எந்தக் கிளப்பில் ஆடுவது என்பதை இனி அவளே முடிவு செய்வாள்!

2025 ஜனவரியில் நவோமி கிர்மா என்ற தடுப்பாட்டக்காரரை வாங்க இங்கிலாந்துக் கிளப் செல்சி கொடுத்த தொகை 11 லட்சம் டாலர்! பெண்கள் கால்பந்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய முதல் ஆள் அவர்!

சேலம், நாமக்கல் பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பெண் பந்தை விடாமல் உதைக்கிறாளா? தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளுக்குத் தேர்வு நடக்கிறது. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் தேதியைக் கேளுங்கள், மகளை அழைத்துப் போங்கள்!