விரல் அறிந்ததும் கண் கேட்பதும்

கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் என்ற சின்தசைசர் நிறுவனத்தை நடத்திவந்த டேவ் ஸ்மித், 1981இல் ஒரு யோசனையை முன்வைத்தார். ஒரு நிறுவனத்தின் கீபோர்டில் விசையை அழுத்தினால் இன்னொரு நிறுவனத்தின் கருவியும் ஒலிக்க வேண்டும் என்பதே அது. ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தின் இகுதாரோ ககெஹாஷிக்கும் அதே நோக்கம் இருந்தது. 1983 ஜனவரியில் அனஹைம் இசைக் கண்காட்சியில் இருவரின் கருவிகளும் ஒரே கம்பியில் இணைந்து ஒலித்தன. கருவிகளுக்கு இடையிலான பொது மொழியான மிடி அரங்கேறியது அப்படித்தான். 2013இல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

சான் ஹோசே அடங்கிய அதே சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், ஃப்ரீமான்ட், சன்னிவேல் தமிழ் வீடுகளில் இன்று டிஜிட்டல் பியானோவின் தாங்கியில் ஒரு டேப்லெட் நிற்கிறது. மிடி கோப்பைக் கொடுத்தால் ஐந்து கோட்டு நொட்டேஷன் திரையில் ஓடும்; குழந்தை அதைப் பார்த்து வாசிக்கும். ஆனால் யாரோ வாசித்துப் பதிவுசெய்த ஒரு இளையராஜா பாட்டை அப்படியே கொடுத்தால், காதுக்கு இனிமையாகவும் கண்ணுக்குக் கந்தரகோளமாகவும் இருக்கும். எங்கு பார்த்தாலும் துண்டு ஸ்வரங்கள், இணைப்பு வளைவுகள், தேவையற்ற மௌனக் குறிகள். ஆறு மாதம் படித்த பிள்ளை அதைப் பார்த்துத் தனக்கு இசை வராது என்று முடிவுகட்டிவிடும். எனக்கு இதில்தான் வருத்தம். கோளாறு பிள்ளையிடம் இல்லை. கோப்பைத் தயார் செய்யாமல் கொடுத்ததில் இருக்கிறது.

மிடி கோப்பு விரலின் செயலை மட்டும் எழுதிவைக்கிறது. எந்த விசை, எப்போது அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகத்தில், எப்போது விடப்பட்டது, அவ்வளவுதான். பியானோவின் 88 விசைகளுக்கு 21 முதல் 108 வரை எண்கள். நேரத்தை டிக் என்ற சிறு அலகில் அளக்கிறார்கள். ஒரு கால் ஸ்வரத்துக்கு, அதாவது பெரும்பாலும் ஒரு அடிக்கு, 480 டிக் என்பது பரவலான வழக்கம். அதில் பாதியளவு ஸ்வரம் 240 டிக் நீள வேண்டும். எந்த மனிதரும் அப்படி வாசிப்பதில்லை. ஒன்று 231, அடுத்தது 252. காது இதைப் பொருட்படுத்தாது. நொட்டேஷன் மென்பொருளோ 231ஐ 231ஆகவே எழுத முயன்று, மிச்சத்துக்கு ஒரு மௌனக் குறியும் போடும்.

எல்லோரும் முதலில் தேடிப்போவது குவாண்டைஸ் என்ற வசதியை. ஸ்வரங்களை அருகிலுள்ள கட்டத்துக்கு இழுத்து நிறுத்தும் வேலை அது. கண்ணை மூடிக்கொண்டு அதை அழுத்தக் கூடாது. ஒரு அடியில் திஸ்ரமாக மூன்று ஸ்வரங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம்: 0, 160, 320 டிக்குகளில். கட்டத்தின் அளவு 120 என்றால் அவை 0, 120, 360க்கு நகரும். சமமாக நடந்த மூன்றும் 120, 240, 120 என்று நொண்டும். பாட்டின் நடையே மாறிவிடும்.

இதைவிட நல்ல வழி, ஸ்வரங்களை நகர்த்தாமல் கட்டங்களை நகர்த்துவது. பதிவை ஓடவிட்டு, கையால் தாளம் போடுவதுபோல ஒவ்வொரு அடிக்கும் ஒரு விசையைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். அந்தத் தட்டல்களை வைத்து மென்பொருள் அடிக்கு அடி வேகக் குறிப்புகளைக் கோப்பில் எழுதும். கலைஞர் இழுத்த இடம் இழுத்தபடியே ஒலிக்கும். அடியின் கோடும் சரியான இடத்தில் விழும். மிஞ்சும் சிறு பிசிறுகளைத் திரைக் காட்சிக்கு மட்டும் நேராக்கினால் போதும். பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் வாசித்தவரின் உயிர் கோப்பிலேயே தங்கும்.

இந்த அக்கறையின் உச்சத்தை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் காணலாம். ஆஸ்திரேலியாவின் டெனிஸ் காண்டன் சேர்த்த ஆயிரக்கணக்கான தானியங்கிப் பியானோ காகிதச் சுருள்கள் 2014இல் அங்கு வந்து சேர்ந்தன. ஜெர்மனியின் வெல்ட்டே நிறுவனம் 1904 முதல் இத்தகைய சுருள்களில் பெரும் கலைஞர்களின் வாசிப்பைத் துளைகளாகப் பதிந்தது; இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரே 1905இல் பதிந்திருக்கிறார். ஸ்டான்ஃபோர்ட் குழு சுருள்களைப் படமெடுத்து, துளையின் இடத்தையும் நீளத்தையும் அளந்து மிடி கோப்புகளாக்குகிறது. ஓரத்துத் துளைகளில் பெடலும் ஒலியின் ஏற்ற இறக்கமும் இருக்கும். காகிதம் சுற்றச் சுற்ற உருளை பருத்து, ஓட்டம் சிறிது சிறிதாக வேகம் பிடிக்கும். அதையும் வேகக் குறிப்புகளாக எழுதிவிடுகிறார்கள். அக்காலக் கலைஞர்கள் பலர் இடக்கையை வலக்கைக்குச் சற்று முன்பே இறக்குவார்கள். முரட்டுத்தனமாகக் குவாண்டைஸ் செய்தால் அந்த வழக்கம் தடயமின்றிப் போய்விடும்.

அடுத்தது ஸ்வரத்தின் பெயர். 66 என்ற விசை எஃப் ஷார்ப்பா, ஜி ஃப்ளாட்டா? மிடி சொல்லாது. கர்நாடக இசை கேட்டவர்களுக்கு இது புதிதில்லை: பன்னிரண்டு ஸ்தானங்களுக்குப் பதினாறு பெயர்கள். 60ஐ ஸட்ஜமாகக் கொண்டால் 62 கரகரப்பிரியாவில் சதுஸ்ருதி ரிஷபம், கனகாங்கியில் சுத்த காந்தாரம். ராகம் தெரியாமல் பெயர் சொல்ல முடியாது. ஆகவே பாட்டு எந்த ஸ்கேலில் இருக்கிறது என்பதைக் கோப்பின் தொடக்கத்தில் நாமே எழுத வேண்டும். தாளக் குறியும் அங்கேயே.

கைகளையும் பிரித்துத் தனித்தனி டிராக்கில் வைக்க வேண்டும். 60க்கு மேலே வலக்கை, கீழே இடக்கை என்று மென்பொருளை வெட்டவிட்டால், இடக்கை மேலேறும் இடங்களில் பிள்ளையின் விரல்கள் சிக்கிக்கொள்ளும். பியானோவில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தே பிரிப்பது நல்லது.

ஸ்வரங்களுக்குக் கீழே ச, ரி, க, ம என்று தமிழில் எழுதிக் கொடுத்தால் பாட்டு வகுப்புக்கும் போகும் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. மிடி கோப்பில் பாடல் வரிகளுக்கு இடம் உண்டு. ஆனால் 1988இல் அதன் விதிகளை வகுத்தபோது ஆங்கில எழுத்துகளையே மனத்தில் வைத்திருந்தார்கள். தமிழ் எழுத்து சில மென்பொருள்களில் உருக்குலைந்து வரும். வளைகுடாப் பகுதியின் லாஸ் ஆல்டோஸிலிருந்து மைக்கேல் குட் உருவாக்கி, 2004இல் முதல் பதிப்பு கண்ட மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவத்தில் அந்தத் தொல்லை இல்லை. அது யூனிகோடை ஏற்கும். எஃப் ஷார்ப்பையும் ஜி ஃப்ளாட்டையும் வேறுபடுத்தும். எந்தக் கை, எந்த விரல் என்பதையும் வைத்துக்கொள்ளும். எனவே திருத்திய மிடியை மென்பொருளில் திறந்து, தமிழ் ஸ்வரங்களைச் சேர்த்து, மியூசிக்எக்ஸ்எம்எல்லாகச் சேமித்துப் பிள்ளையின் டேப்லெட்டுக்கு அனுப்புங்கள்.