ஆடு குட்டி போடும்போது எப்போது கை வைக்கலாம்?



லயத்துக்குப் பின்னால் ஆட்டுப்பட்டி வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஆடுதான் உண்டியல். பிள்ளைகளின் பாடசாலைச் செலவு, கல்யாணம், திடீர் வைத்தியச் செலவு என்று வரும்போது கைகொடுப்பது அதுதான். ஆனால் குட்டி போடும் நேரத்தில் சிக்கல் வந்தால் தாயும் போகலாம், குட்டியும் போகலாம். அவசரப்பட்டு இழுப்பதும் ஆபத்து, "தானா வரும்" என்று விடியும்வரை பார்த்திருப்பதும் ஆபத்து.

முன்னேற்பாடு

ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாட்கள். ஜனவரி 10ஆம் திகதி கிடா சேர்ந்திருந்தால் ஜூன் 9ஆம் திகதியளவில் குட்டியை எதிர்பார்க்கலாம். கலண்டரில் குறித்து வையுங்கள். சவர்க்காரம், சுத்தமான துணி, தேங்காய் எண்ணெய், டிங்சர் அயடீன், காய்ந்த சாக்கு ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். உங்கள் பகுதி அரசாங்க மிருக வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வையுங்கள்.

அரைமணி நேரக் கணக்கு

மடி நிறைந்து, வாலடி தளர்ந்து, ஆடு நிலத்தைக் காலால் பறித்துக்கொண்டு நிற்கும். பிறகு பனிக்குடம் தெரியும். முதலில் இரண்டு முன்னங்கால்களும் அவற்றின் மேல் மூக்கும் வந்தால் எல்லாம் சரி. கை வைக்க வேண்டாம்.

ஆடு பலமாக முக்கத் தொடங்கி அரைமணி நேரமாகியும் முன்னேற்றம் இல்லையென்றால் பார்க்க வேண்டும். ஒரு குட்டி வந்தபின் அடுத்ததற்கும் இதே கணக்குத்தான்.

கை வைப்பது எப்படி?

நகத்தை வெட்டி, முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கையுறை இருந்தால் போடுங்கள். கையில் எண்ணெய் பூசி மெதுவாக உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். குளம்புக்கு மேலுள்ள இரண்டு மூட்டுகளும் ஒரே பக்கம் மடங்கினால் அது முன்னங்கால். இரண்டாவது மூட்டு எதிர்ப்பக்கம் மடங்கினால் பின்னங்கால்.

ஒரு முன்னங்கால் பின்னால் மடங்கியிருந்தால், ஆடு முக்காத நேரம் பார்த்து குட்டியைச் சற்று உள்ளே தள்ளுங்கள். குளம்பை உள்ளங்கையால் மூடிக்கொண்டு காலை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். மூடாவிட்டால் குளம்பு கருப்பையைக் கிழித்துவிடும்.

இரண்டு பின்னங்கால்களும் முதலில் வந்தால் குட்டியைத் திருப்ப வேண்டாம். அப்படியே எடுக்கலாம். ஆனால் இடுப்பு வெளியே வந்ததும் தாமதிக்கக் கூடாது. தொப்புள்கொடி நசுங்கி குட்டிக்கு மூச்சு முட்டும்.

ஆடு முக்கும்போது மட்டும், கீழ்நோக்கி இழுங்கள். பிடிக்கும் இரண்டு கால்களும் ஒரே குட்டியின் கால்களா என்று தடவி நிச்சயப்படுத்திக் கொள்ளுங்கள்.

தலை பின்னால் திரும்பியிருந்தாலும், வால் மட்டும் தட்டுப்பட்டாலும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் சரிசெய்ய முடியாவிட்டாலும் நிறுத்திவிட்டு மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். நாலு பேர் சேர்ந்து இழுத்தால் குட்டி வராது, ஆடுதான் சாகும்.

குட்டிக்கு

மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடையுங்கள். மூச்சு விடாவிட்டால் மூக்குத் துவாரத்தில் வைக்கோலால் கூசச் செய்து, உடம்பைத் துணியால் நன்றாகத் தேயுங்கள். தொப்புள்கொடியை அயடீனில் தோய்த்து விடுங்கள்.

முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் உண்டு. 2 கிலோ குட்டிக்கு முதல் நாளில் ஏறக்குறைய 200 மில்லிலீற்றர், பல தடவையாகத் தேவை. நம் மலைப்பக்கக் குளிரில் ஈரக்குட்டி சீக்கிரம் விறைத்துப் போகும். விரலை வாய்க்குள் விட்டுப் பாருங்கள். வாய் சில்லென்று இருந்தால் முதலில் சாக்கில் சுற்றிச் சூடேற்றி, பிறகுதான் பால்.

தாய்க்கு

இளஞ்சூட்டுத் தண்ணீரும் நல்ல புல்லும் கொடுங்கள். நஞ்சுக்கொடி சில மணி நேரத்தில் தானாக விழும். அதை இழுக்கவோ, கல்லைக் கட்டித் தொங்கவிடவோ வேண்டாம். 12 மணி நேரமாகியும் விழாவிட்டால் வைத்தியரிடம் சொல்லுங்கள். கெட்ட வாடையுள்ள கழிவு, தீனி எடுக்காமை, காய்ச்சல், மடி கல்லுப்போல் இறுகிச் சுடுதல் என்பவை கண்டாலும் அப்படியே. உள்ளே கை விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், மருந்து தேவைப்படலாம். வீட்டில் மீந்த மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள்.

கர்ப்பிணித் தாய்மார் கவனத்துக்கு

கர்ப்பமாக இருக்கும் பெண்கள் ஆட்டுப் பிரசவத்துக்குப் போகவே கூடாது. நஞ்சுக்கொடியிலும் கருச்சிதைந்த குட்டியிலும் உள்ள சில கிருமிகள் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். அந்த வேலையை வீட்டு ஆண்கள் செய்யட்டும். கழிவுகளை நாய் தோண்டாதபடி ஆழமாகப் புதைத்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

ஆகவே, அரைமணி நேரம் பொறுப்போம், சுத்தமான கையோடு உதவுவோம், முடியாதபோது நேரம் கடத்தாமல் வைத்தியரை அழைப்போம். பக்கத்துக் காம்பராவில் ஆடு வைத்திருப்பவருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.