தலைசுத்தல் எல்லாம் பித்தம் இல்லீங்க... காதும் காரணமா இருக்கலாம்!

திடீரென வீடே சுற்றும். நிற்க முடியாது. குமட்டிக் கொண்டு வாந்தி வரும். ஒரு காதில் மட்டும் 'ஙொய்' என்று இரைச்சல் கேட்கும். "பித்தம் ஏறிடுச்சு, எலுமிச்சம்பழ ஜூஸ் குடி" என்பார்கள் வீட்டில். ஆனால் கோளாறு காதுக்குள் இருக்கலாம்.

இதற்குப் பெயர் மெனியர் நோய். இந்த மாதிரி தலைசுற்றல் மூளையில் இருந்து அல்ல, உள்காதில் இருந்து வருகிறது என்று 1861-ல் எடுத்துச் சொன்னவர் பாரீஸ் டாக்டர் பிராஸ்பர் மெனியர். உள்காதில் உள்ள திரவம் அளவுக்கு மீறி சேர்ந்து விடுவதால், கேட்கும் திறன், உடம்பின் பேலன்ஸ் இரண்டும் ஆட்டம் காண்கின்றன. பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள் தொடங்குகிறது.

கண்டுபிடிப்பது எப்படி?

சுற்றல் 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும். காது அடைத்த மாதிரி இருக்கும். கனத்த குரல் சரியாகக் கேட்காது. புரண்டு படுக்கும்போது சில விநாடி மட்டும் சுற்றினால் அது வேறு கோளாறு. தலையை குறிப்பிட்ட முறையில் திருப்பியே அதை டாக்டர்கள் சரி செய்வார்கள்.

வாய் கோணல், பேச்சு குழறல், கை-கால் மரத்தல் சேர்ந்து வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ கூப்பிட வேண்டும்.

என்ன செய்யணும்?

சுற்றல் வந்தால் அப்படியே படுத்து, ஒரே இடத்தை பார்க்க வேண்டும். வண்டி ஓட்டவோ, ஏணியில் ஏறவோ கூடாது. காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் செவித்திறன் பரிசோதனை செய்வது அவசியம். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பை குறைக்கச் சொல்வார்கள். சுற்றலை அடக்கும் மாத்திரையை டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் தொடரக் கூடாது. மருந்துக்கு கட்டுப்படாதவர்களுக்கு காதுக்குள் ஊசி, ஆபரேஷன் உண்டு. முழுசாக குணமாக்க மருந்து இல்லை, ஆனால் கட்டுப்படுத்தலாம். கவனிக்காமல் விட்டால் கீழே விழுந்து அடிபடும் ஆபத்து உண்டு. நாளடைவில் அந்தக் காது கேட்பதும் குறைந்து போகலாம்.

அமெரிக்க விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்டுக்கும் இதே நோய்தான். 1963-ல் பறக்கத் தடை போட்டார்கள். 1968-ல் காதில் ஆபரேஷன் செய்து கொண்டார். 1971-ல் அப்போலோ-14ல் போய் நிலாவிலேயே நடந்தார்!