மார்பகச் சத்திரசிகிச்சை செய்தவர்களின் கையில் மீண்டும் கத்தி வைக்கலாமா?

மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்கள் வீடு திரும்பும்போது ஒரு புத்திமதியையும் கேட்டுக்கொண்டே வருகிறார்கள். "அந்தப் பக்கத்துக் கையைப் பத்திரமாகப் பாருங்கள். அதில் ஊசி போடவோ குருதியமுக்கம் பார்க்கவோ விடாதீர்கள்" என்பதே அது. நல்ல எண்ணத்துடன் சொல்லப்படும் இப்புத்திமதி காலப்போக்கில் பெரும் பயமாக வளர்ந்துவிடுகிறது. அதே கையின் விரல்கள் இரவில் விறைத்து நித்திரையைக் கெடுத்தாலும், மடங்கிய விரல் நிமிர மறுத்தாலும், "அந்தக் கையில் வெட்டக்கூடாதாம்" என்று நோவைப் பொறுத்துக்கொள்கிறார்கள். வைத்தியர்கள் தயங்குவதும் உண்டு. இந்தப் பயத்தில் எவ்வளவு நியாயம் இருக்கிறது?

கை ஏன் வீங்குகிறது?

வயலில் மிஞ்சிய நீர் வடிகால் வழியாகக் கழிவதுபோல, எமது உடலிலும் மெல்லிய குழாய்கள் வழியாக ஒரு நீர் ஓடுகிறது. இதனை நிணநீர் என்பர். கையிலிருந்து வரும் நிணநீர் கமக்கட்டிலுள்ள சிறு கணுக்களால் வடிக்கப்படுகிறது. காலில் முள் குத்திப் புண்பட்டால் அரையில் நெறி கட்டுகிறதல்லவா? அதுவும் இத்தகைய கணுவே. மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் முதலில் பரவுவது கமக்கட்டுக் கணுக்களுக்கே. ஆகவே அவற்றை அகற்ற வேண்டி வருகிறது. வடிகால் குறைந்தால் நீர் தேங்கும், கை வீங்கும். யானைக்கால் நோயில் கால் வீங்குவதும் நிணநீரின் வழி கெட்டுப்போவதாலேயே.

கமக்கட்டுக் கணுக்களைப் பெருமளவில் அகற்றியவர்களுள் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு இவ்வீக்கம் வருகிறது. முதற் கணுக்கள் சிலவற்றை மட்டும் எடுத்துச் சோதிக்கும் பிற்கால முறையில் இது ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்கே. கமக்கட்டில் கதிர்ச் சிகிச்சை பெற்றிருந்தாலும், உடற் பருமன் கூடியிருந்தாலும் ஆபத்து அதிகரிக்கும்.

ஆராய்ச்சிகள் கூறுவது

கணுக்கள் அகற்றப்பட்ட பின் அதே கையில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்களைப் பற்றி 1990களிலிருந்து ஆராய்ச்சிகள் வெளிவந்துள்ளன. அவற்றில் சேர்க்கப்பட்டவர்களின் தொகை சிறிது. ஆயினும் அவை காட்டும் திசை ஒன்றே. முன்பு கை வீங்காதிருந்தவர்களுக்குச் சத்திரசிகிச்சையால் நிரந்தர வீக்கம் வருவது அரிது. ஏற்கெனவே வீங்கியிருந்த சிலருக்கு வீக்கம் கூடியது. பெரும்பாலும் பின்னர் தணிந்தது.

அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் 632 பெண்களின் கைகளை அளந்து 2016இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஊசி போடுவதற்கோ குருதியமுக்கம் பார்ப்பதற்கோ வீக்கத்துடன் தொடர்பு காணப்படவில்லை. தொடர்பு காணப்பட்டவற்றுள் முக்கியமான ஒன்று, தோலில் கிருமி தொற்றி ஏற்படும் அழற்சி. எனவே நாம் அஞ்ச வேண்டியது வைத்தியரின் கத்திக்கு அல்ல, கிருமிக்கே.

தாமதத்தின் விலை

மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டு விரல்கள் விறைப்பதை நீண்டகாலம் கவனியாது விட்டால், பெருவிரலின் அடித்தசை வற்றிப்போகும். பின்பு சத்திரசிகிச்சை செய்தாலும் முழுப் பலம் திரும்பாமற் போகலாம். களை பிடுங்கவும் அரிவாள் பிடிக்கவும் வேண்டிய கை அது. விரலில் சீழ் கட்டினாலோ ஒரு நாள் கூடத் தாமதிக்கக்கூடாது. சீழை வெட்டி அகற்றாமல் விடுவதே கைக்குப் பெரிய ஆபத்து.

எல்லா விறைப்பும் நரம்பு நெரிபடுவதால் வருவதல்ல என்பதையும் அறிந்திருக்க வேண்டும். புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்துகளாலும் விறைப்பு வரலாம். சில மாத்திரைகள் மணிக்கட்டு நரம்பு நெரிபடுவதற்கே காரணமாகலாம். கை புதிதாக வீங்கினாலோ, பலங்குன்றினாலோ, கமக்கட்டில் கட்டி தென்பட்டாலோ முதலில் புற்றுநோய்க் கிளினிக்கிற்கே போகவேண்டும்.

சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும்

1. எந்தப் பக்கம், எந்த ஆண்டு, கணுக்கள் எத்தனை எடுக்கப்பட்டன, கதிர்ச் சிகிச்சை பெற்றீர்களா என்பவற்றை வைத்தியரிடம் கூறுங்கள். இடம் விட்டு இடம் பெயர்ந்தவர்களுக்குப் பழைய வைத்தியசாலையின் பதிவு கிடைப்பது கடினம். ஆகவே வைத்தியசாலை அட்டையையும் கிளினிக் கொப்பியையும் அடையாள அட்டையைப்போலப் பாதுகாத்து, நனையாத பையில் வையுங்கள்.

2. கை ஏற்கெனவே வீங்கியிருந்தால் முதலில் அதைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். இறுக்கக் கையுறை அணிபவர்கள், அதை எப்போது மீண்டும் அணியலாம் என்பதையும் கேட்டறியுங்கள்.

3. மேற்கையை இறுக்கும் பட்டியைக் குறுகிய நேரம் பாவிப்பது பொதுவாகத் தீங்கானதல்ல. பட்டியே இல்லாமல், விறைப்பூசி மட்டும் போட்டுச் செய்யும் முறையும் உண்டு. எது பொருத்தமென வைத்தியர் தீர்மானிப்பார்.

4. சத்திரசிகிச்சைக்குப் பின் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். வைத்தியர் சொன்னபடி விரல்களை அசையுங்கள். காயம் ஆறும்வரை சேற்றிலும் சாணத்திலும் கை வைக்காதீர்கள்.

5. கை சிவந்து சூடேறினால், காய்ச்சலோ குளிரோ நடுக்கமோ கண்டால், அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

வேலை செய்யலாமா?

கையை ஓய்வாகவே வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணமும் இன்று மாறிவிட்டது. ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் செய்யப்பட்ட ஆராய்ச்சியொன்று 2009இல் வெளிவந்தது. மேற்பார்வையுடன் சிறுகச்சிறுகப் பாரம் தூக்கிப் பழகியவர்களின் வீக்கம், பழகாதவர்களினதை விடக் கூடவில்லை. ஆகவே காயம் ஆறியபின் வேலையைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். முள் வெட்டும்போது கையுறை அணியுங்கள். சிறு கீறல் பட்டாலும் சவர்க்காரமிட்டுக் கழுவி மூடுங்கள்.

கணுக்கள் எடுக்கப்பட்ட கை கவனிப்பு வேண்டும் கைதான். ஆனால் வைத்தியம் மறுக்கப்பட வேண்டிய கை அல்ல. உங்கள் வீட்டிலோ அயலிலோ விறைத்த விரல்களை மறைத்துக்கொண்டு வாழும் தாயோ சகோதரியோ இருந்தால், கொப்பியையும் எடுத்துக்கொண்டு அடுத்த கிளினிக் நாளில் அவருடன் கூடப் போங்கள்.