வானொலிப் பெட்டிக்குக் காது வேண்டும்

பெட்டி நல்லதாக அமைந்துவிட்டால் போதும், ஒலி தானே வந்து சேரும் என்று எண்ணுவது நம்மிடையே பரவியுள்ள ஒரு தவறு. பெட்டி வெறும் மூளை. ஏரியல் எனப்படும் ஆகாயக் கம்பியே அதன் காது. காது மந்தமாயிருக்க, மூளைக்கு மருந்து கொடுத்துப் பயன் என்ன? பல அலைவரிசைகளைத் தானே துழாவிப் பிடிக்கும் ஸ்கேனர் என்னும் பெட்டிக்கு இது முற்றிலும் பொருந்தும்.

இவ்வுண்மையை நாம் ஒரு சங்கத்தின் செலவில் கற்றுக்கொண்டோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்ததையும், தென்னந்தோப்புகள் சாய்ந்து, மின்சாரமும் தொலைபேசியும் அற்றுக் கிராமங்கள் பல நாட்கள் தனித்துக் கிடந்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன்பின் கரையோரச் சங்கம் ஒன்றில், அமெச்சூர் வானொலி உரிமம் பெற்ற அங்கத்தினர் ஒருவரின் பொறுப்பில், ஸ்கேனர் ஒன்று வைக்கப்பட்டது. புயல் நேரத்தில் நகரத்து அமெச்சூர் அன்பர்கள் பரிமாறும் செய்திகளைக் கேட்டு ஊராருக்கு அறிவிப்பதே நோக்கம். ஆனால் பெட்டியில் இரைச்சலே மிகுந்தது. தணிக்கைக்குச் சென்ற நம்மிடம் காரியதரிசி யோசனை கேட்டார். ஒலியைப் பெருக்கும் பூஸ்டர் ஒன்று வாங்கலாம் என்று நாமும் தயங்காமல் சொல்லிவிட்டோம். சங்கம் தீர்மானம் போட்டு வாங்கியது. முன்னைவிட இரைச்சல் பெருகியதே மிச்சம். அடுத்த ஆண்டு அச்செலவுச் சீட்டை நாமே புரட்ட நேர்ந்தபோது அடைந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

உயரமே முதல் மருந்து

அமெச்சூர் அன்பர்கள் பெரிதும் பயன்படுத்தும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டிலேயே செல்லும். பூமியின் வளைவு குறுக்கிட்டால் அவற்றின் வலிமை வெகுவாகக் குன்றிவிடும். ஆகவே கம்பி எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அவ்வளவுக்கு அதன் எல்லை விரியும். இதற்கு எளிய கணக்கு ஒன்றுண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்க மூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் எல்லை கிலோமீட்டரில் கிடைக்கும். ஒரு மீட்டர் உயர மேசைமேல் வைத்த கம்பிக்கு எல்லை 4 கிலோமீட்டர். 9 மீட்டர் கம்பத்தில் ஏற்றினால் 12 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அனுப்பும் நிலையத்தின் கம்பி 36 மீட்டரில் இருந்தால் அதன் எல்லை ஏறக்குறைய 25 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் வருவதே இரு நிலையங்களுக்கும் இடையே இருக்கக்கூடிய தொலைவு: மேசையிலிருந்து 29, கம்பத்திலிருந்து 37 கிலோமீட்டர். இது வெட்டவெளிக்கான கணக்கு. அடர்ந்த தோப்பும் கட்டடமும் இதைக் குறைக்கும். நாம் பார்த்த சங்கத்திலோ கம்பி, கிடங்கின் தகரக் கூரைக்கு அடியில் இருந்தது! தகரம் அலைகளைத் தடுக்கும் என்பதை அன்று நாம் நினைத்துப் பார்க்கவில்லை.

நீளமும் நிலையும்

அச்சுக்கு ஏற்ற பாவு அமையாவிட்டால் துணி சீராக வராது என்பதை நெசவாளர் அறிவர். அதுபோல் அலைக்கு ஏற்ற நீளத்தில் கம்பி அமைதல் வேண்டும். அலைநீளத்தில் கால் பங்குக் கம்பியே எளியது. 7,125 என்னும் எண்ணை மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் தேவையான நீளம் சென்டிமீட்டரில் வரும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு 49 சென்டிமீட்டர். 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலை ஒலிபரப்புக்கு 71 சென்டிமீட்டர். பெட்டியோடு வரும் இழுத்து நீட்டும் கம்பியை இந்த அளவுக்கு நிறுத்துவதே காசில்லாத முதல் சீர்திருத்தம்.

கூரைமேல் வைக்கக் கம்பி செய்வதும் கடினமன்று. நான்கு மூலைத் துளைகளுள்ள எஸ்.ஓ. 239 என்னும் சாக்கெட்டின் நடுவில் 49 சென்டிமீட்டர் செப்புக் கம்பி ஒன்றைச் செங்குத்தாகப் பற்றவைக்க வேண்டும். நான்கு துளைகளிலும் 52 சென்டிமீட்டர் கம்பிகள் நான்கைத் திருகி, குடைக் கம்பிகளைப்போல் 45 பாகை கீழ்நோக்கி வளைத்துவிட வேண்டும். இவை நான்கும் தரைக்குப் பதிலாக நிற்பவை. அவை சரிந்து நிற்பதால் கம்பியின் மின்தடை 50 ஓம் அளவை நெருங்கிப் பெட்டியோடு பொருந்துகிறது. இதே கம்பி மும்மடங்கான 435 மெகாஹெர்ட்ஸிலும் ஓரளவு உதவும். பற்பல அலைவரிசைகளைக் கேட்க விரும்புவோர் தட்டும் கூம்பும் சேர்ந்த டிஸ்கோன் வகையை நாடலாம்.

கம்பி செங்குத்தாக நிற்றல் முக்கியம். வண்டிகளிலும் கையடக்கக் கருவிகளிலும் பேசுவோர் பெரும்பாலும் செங்குத்துக் கம்பியையே பயன்படுத்துகின்றனர். நம் கம்பியைப் படுக்க வைத்தால், வெட்டவெளியில் வரும் சக்தியில் நூறில் ஒரு பங்கே கிட்டும் நிலையும் ஏற்படலாம்.

கடைமடைக்கு நீர் சேருமா?

மதகில் திறந்த நீரெல்லாம் கடைமடைக்குச் சேர்வதில்லை. வழியில் வாய்க்காலே குடித்துவிடுகிறது. கம்பியிலிருந்து பெட்டிக்கு வரும் கேபிளும் அப்படியே. ஆர்.ஜி. 58 என்னும் மெல்லிய கேபிளில் 30 மீட்டர் ஓடினால், 145 மெகாஹெர்ட்ஸில் கால் பங்கு சக்தியே பெட்டியை அடையும். டிஷ் தொலைக்காட்சிக்கென எல்லா ஊர்க் கடைகளிலும் விற்கும் ஆர்.ஜி. 6 கேபிளிலோ பாதிக்கு மேல் வந்து சேரும். அது 75 ஓம் வகையாயிற்றே என்று ஐயுற வேண்டாம். கேட்பதற்கு மட்டுமாயின் அதனால் நேரும் இழப்பு மிகச் சொற்பம். கேபிளைத் தேவைக்கு மேல் சுருட்டி வைத்தல் கூடாது. இணைப்பில் மழைநீர் புகுந்தால் உள்ளிருக்கும் வலை பச்சை பூத்துக் கேபிள் கெடும். உப்புக்காற்று வீசும் ஊர்களில் இது விரைவில் நேரும். ஆகவே இணைப்பை நீர்புகா நாடாவால் இறுகச் சுற்றி, வீட்டினுள் நுழையுமுன் கேபிளைக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட வேண்டும். நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும்.

பூஸ்டர் ஏன் தோற்றது என்பதும் இங்கே விளங்கும். பெட்டியருகே வைத்த பூஸ்டர், வழியில் மெலிந்த குரலையும் கூட வந்த இரைச்சலையும் ஒருசேரப் பெருக்குகிறது. இழந்ததை அது மீட்பதில்லை. அவசியமாயின் அதன் இடம் கம்பத்தின் உச்சியே. அருகில் பண்பலை நிலையம் இருந்தால், அதன் பலத்த அலை பூஸ்டரைத் திணறடித்துப் பிற குரல்களை அமுக்கிவிடும். அங்கே அவ்வலையைத் தடுக்கும் வடிகட்டி வேண்டும்.

இரைச்சலின் ஊற்று

பெட்டியைப் பேட்டரியில் இயக்கி, மெயின் சுவிட்சை அணைத்துக் கேளுங்கள். இரைச்சல் அடங்கினால் அது நம் வீட்டிலேயே பிறப்பது. மலிவான எல்.இ.டி. விளக்கு, கைபேசி சார்ஜர், விசைத்தறி மோட்டார், பம்புசெட்டு ஸ்டார்ட்டர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவான். அக்கருவியை மாற்றுவதோ, ஏரியலை அதனின்று விலக்குவதோ தீர்வாகும்.

உயிரினும் பெரிதன்று

கம்பம் எழுப்புவோர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். அது எப்பக்கம் சாய்ந்தாலும் மின்சாரக் கம்பியைத் தொடாத இடத்திலேயே நடவேண்டும். கம்பத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரமேனும் விடுவது நலம். ஈர மூங்கிலிலும் மின்சாரம் பாயும். காற்று வீசும் நாளில், தனி ஆளாக, இவ்வேலையில் இறங்கலாகாது. இரும்புக் கம்பத்தைத் தடித்த செப்புக் கம்பியால் நிலத்தோடு இணைக்க வேண்டும். இடி நெருங்குமுன்பே கேபிளைப் பெட்டியினின்று கழற்றி வெளியே விட்டுவிட வேண்டும்.

சட்டத்தையும் நினைவில் கொள்வோம். உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவி வைத்திருப்பதை 1933ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்தது. 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. சாதாரண ஒலிபரப்பைக் கேட்பது வேறு, ஸ்கேனர் வைப்பது வேறு. சங்கங்கள் விதிகளை விசாரித்து, உரிமம் உடையவரின் பொறுப்பிலேயே இதைச் செய்ய வேண்டும். பிறருக்கென அனுப்பப்படும் செய்திகளை ஒட்டுக்கேட்பது நமக்கு அழகுமன்று.

முற்கூறிய சங்கத்தில் பிறகு நடந்தது இது. கம்பி தகரக் கூரைக்கு மேலே 9 மீட்டர் கம்பத்தில் ஏறியது. பழைய கேபிள் மாறியது. கிடங்கு விளக்கும் மாறியது. எல்லாவற்றுக்கும் ஆன செலவு பூஸ்டரின் விலையை எட்டவில்லை. அன்று மாலை நகரத்துக் குரல் தெளிவாக ஒலித்தபோது, காரியதரிசி நம்மைப் பார்த்துச் சிரித்தாரேயன்றி ஒன்றும் சொல்லவில்லை. பூஸ்டர் இன்றும் சங்க இருப்புப் பதிவேட்டில் ஒரு வரியாக இருக்கிறது. தணிக்கைதோறும் அவ்வரியை நாம் படித்தாக வேண்டும்.

அங்கத்தினரின் ஒவ்வொரு ரூபாயும் உழைப்பில் விளைந்தது. பெட்டி பேசாவிடில் புதிதாக ஒன்றை வாங்கத் தீர்மானம் போடுமுன், ஏணி வைத்து ஏறிக் கம்பியைப் பாருங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே பாருங்கள். புயல் வந்தபின் ஏறுவதற்கு ஏணியும் நிற்காது, நேரமும் இராது.