தண்ணீர் மட்டும் போதாது

2024 அக்டோபர் 6, ஞாயிறு. மெரினாவில் விமானப்படையின் சாகசக் காட்சி, முற்பகல் 11 முதல் 1 மணி வரை. லட்சக்கணக்கானவர்கள் நிழலில்லாத மணலில் நின்று பார்த்தார்கள், பிறகு நெரிசலில் வெகுதூரம் நடந்தார்கள். அன்று ஐந்து பேர் இறந்துபோனார்கள். குடை கொண்டுபோயிருக்கலாம், தண்ணீர் குடித்திருக்கலாம் என்று ஊரெல்லாம் பேசியது. அந்தப் பேச்சில் உடலுக்குள் எரியும் அடுப்பு விடுபட்டுப் போயிற்று.

தசை சுருங்க, செல்லுக்குள் ஒரு பையில் அடைபட்டிருக்கும் கால்சியம் வெளியே பாய வேண்டும். தளர, அது பைக்குத் திரும்ப வேண்டும். பையின் சுவரிலுள்ள பம்புகள் ஏ.டி.பி. என்ற எரிபொருளைச் செலவழித்து அதை உள்ளே இறைக்கின்றன, ஒரு ஏ.டி.பி. மூலக்கூறுக்கு இரண்டு கால்சியம் அயனிகள். தசை செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் வேலையாகிறது. மிச்சம் வெப்பம். ரத்தம் அதைத் தோலுக்குக் கொண்டுவரும், வியர்வை உலர்ந்து தணிக்கும். சென்னையின் புழுக்கத்திலோ வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை.

உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பம்புகள் தடுமாறும். கால்சியம் பைக்கு வெளியே தேங்கும், தசை இறுகும், இன்னும் சூடாகும். செல்கள் உடைந்து, அவற்றின் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெயிலில் உழைத்தவருக்குச் சிறுநீர் கறுத்துப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டியது இதனால்தான்.

ஆகவே தண்ணீரோடு ஓய்வும் வேண்டும். வேலையை நிறுத்தினால்தான் தசையின் சூடு குறையும். அடையாறில் தளம் போடும் சித்தாளுக்கு நண்பகல் ஓய்வு இன்னும் மேஸ்திரியின் மனசைப் பொறுத்தே இருக்கிறது; கூலி குறையாத ஓய்வு அவருக்கு உரிமையாக வேண்டும். தி.நகர் கடைகளில் நாளெல்லாம் நிற்கும் விற்பனைப் பெண்களுக்குச் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தப்படி, இடையிடையே உட்கார இருக்கை தருவது முதலாளியின் கடமை. தரவில்லை என்றால் தொழிலாளர் துறையிடம் புகார் கொடுக்கலாம்.

ஒருவர் வெயிலில் உளறினால், தள்ளாடினால், மயங்கினால் அது வெறும் களைப்பு அல்ல. 108க்கு அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்தி, சட்டையைத் தளர்த்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாரசிட்டமால் இதற்குப் பயன்படாது. இது கிருமியால் வந்த காய்ச்சல் அல்ல.

மெரினா நிகழ்வு நடந்த அதே மாதத்தில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அதற்கு, இறப்புக்குக் காரணம் வெப்பம் என்று சான்று வேண்டும். சான்றில் மாரடைப்பு என்று மட்டும் எழுதிவிட்டால் குடும்பம் அலையவேண்டி வரும். எனவே மருத்துவமனையில் சேர்க்கும்போதே அவர் எங்கே, எவ்வளவு நேரம் வெயிலில் இருந்தார் என்று சொல்லுங்கள். உடல் வெப்பத்தை அளந்து கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.